ராக் பாட்டில் அம்மாவின் ஒப்பாரி

அண்ணா,

உன் ராக் ஆல்பத்தைக் கேட்டேன். மூன்றாவது பாட்டில், கிட்டார் இரைச்சலுக்கு நடுவே, அப்பா சாவில் அம்மா வைத்த ஒப்பாரி கேட்டது. அழுதேன். கோபமா துக்கமா, தெரியவில்லை. யார் யாரோ தங்கள் அப்பாவை நினைத்து அழுததாக இணையத்தில் பாட்டுக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி ஒலிக்கக் கூடாதே. அதனால் லால்குடியிலிருந்து பஸ் பிடித்து, ஸ்ரீரங்கம் படித்துறைக்குக் கூட்டிப்போய்க் கேட்க வைத்தேன்.

“கேக்காம எடுத்திருக்கான் பாரு, களவாணி! பாட்டு கடைசில கத்துறது யாருடி?”

“அண்ணன்தாம்மா.”

“அன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையேடி அவன்” என்றவள், மறுபடி போடச் சொன்னாள்.

பாட்டை நீக்கிவிடச் சொல்லவா என்று கேட்டேன்.

“அவனே வந்து என்கிட்ட கேக்கட்டும்.”

திட்டுவதற்கா, கட்டிக்கொண்டு அழுவதற்கா, எனக்குப் புரியவில்லை. எதற்கும் வந்துவிடு.

உன் தங்கை