கேப்பு மேஜைக்கு ஒரு நூல் சேலை

தாயில்பட்டியில் இருக்கும் அம்மாவுக்கு, போலந்திலிருந்து அன்பரசன் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எனக்குக் குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மாரெக்கிடம் அந்தக் காலத்து மாதிரி ரிவால்வர் ஒன்று உண்டு. பயப்படாதீர்கள், அட்டையைக் குறிவைத்துச் சுடத்தான். அதன் கருமருந்தைப் பற்றவைக்கும் கேப்பை அவரே செய்கிறார். மிளகளவு தகரக் கிண்ணத்துக்குள் பொம்மைத் துப்பாக்கிப் பொட்டு வெடி. வெடி கம்பெனியில் நீங்கள் ஒட்டுகிற அதே மாதிரிப் பொட்டு!

ஞாயிற்றுக்கிழமை கேப்பு செய்ய உதவிக்குக் கூப்பிட்டார். என்னை அறியாமல் செருப்பு, வாட்ச், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போய் நின்றேன்.

"இதென்ன கோயிலா?" என்று சிரித்தார்.

"பொறி கிளம்பிறக் கூடாதுன்னு எங்கம்மா கேப்பு ரூமுக்குள்ள இப்படித்தான் போவாக" என்றேன்.

பிறகு தோட்டத்தில் சுட்டார். அந்தத் துளிப் பொட்டைத் தட்டியதும் கருமருந்து பற்றி முழம் நீளத்துக்கு நெருப்பு சீறியது. சத்தத்தில் எதிர்மரத்துப் பனியெல்லாம் சரிந்து விழுந்தது. இதையா அம்மா தினமும் தட்டுத் தட்டாக விரல் நுனியில் எடுக்கிறீர்கள்? உள்ளே வந்ததும் மாரெக் தன் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் கேப்பு மேஜை முன் உட்கார்ந்தார்.

மேஜையில் கிடப்பது நைலான் விரிப்பு, உரசினால் பொறி கிளம்பிவிடும். உங்கள் பழைய நூல் சேலை ஒன்று அனுப்புங்கள். ஷிப்டுக்கு பஸ் வந்துவிட்டது. மேஜைக்குப் பாதி போதும், மீதி எனக்குப் போர்த்திக்கொள்ள.

அன்பரசன்