தொடக்கூடாத பக்கம்

பசைப்பொடி உருகும் வாடை. காலையில் ஹீட்டரைப் போட்டதும் கடை முழுக்கப் பரவிவிட்டது. நீ போன பிறகு அச்சு இயந்திரத்தை இன்றுதான் ஓட்டினேன்.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு ஊர்ப் பையன்கள் வழக்கம்போல டீ-ஷர்ட் கேட்டிருக்கிறார்கள். இந்த வருடம் முதுகில் உன் முகம். நேற்று உன் அம்மா வந்தார்கள். சுவரில் ஒட்டிய அஞ்சலிப் போஸ்டர் மழையில் ஊறிப்போனதாம். "துணியிலயாச்சும் எம்பையன் மூஞ்சி கலங்காம வரணும் சாமி" என்றார்கள்.

குமாரபாளையத்தில் வாரம் முழுக்கத் தூறல். நம் தொழிலுக்கு ஆகாத காற்று. ஃபிலிமில் படம் அடித்து, ஈரம் இருக்கும்போதே பொடி தூவி, சூட்டில் உருக்கும்வரை அது படமே இல்லை. வெறும் மை. ஃபிலிம் கொஞ்சம் சுருண்டாலும் உரசி இழுவிவிடும். இப்படிப்பட்ட நாளில் நீ செய்வதையெல்லாம் செய்தேன். ஜன்னலைச் சாத்தினேன். இயந்திரத்தின் தட்டைச் சூடாக்கினேன். வெள்ளை மையைக் குறைத்தேன்.

கடை திறந்த புதிதில் ஒரு கல்யாண ஆர்டர். காய்ந்துவிட்டதா என்று நான் விரலால் தொட்டுப் பார்க்க, மாப்பிள்ளையின் மீசை காதுவரை போய்விட்டது. நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய்.

"எம்.ஏ. படிச்ச கைங்களா? சும்மா இருக்காதுங்களா?"

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய். "ஓரத்தப் புடிடா. மூஞ்சியத் தொடாத."

இன்று உன் முகம் வந்தது. நிறம் விழ விழ, துணியின் நிறம் ஊடுருவாதிருக்கப் பின்னாலேயே வெள்ளை மை வந்து மூடும். தெரிந்ததுதான். ஆயிரம் முகங்களுக்குப் பார்த்ததுதான். நெற்றி வந்தது, வெள்ளை மூடியது. கண்கள் வந்தன, வெள்ளை மூடியது.

பிணவறையிலிருந்து உன்னை வெள்ளைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரோ சொன்னபோது, கூட்டத்தில் என்னால் கிட்டே வர முடியவில்லை.

இன்று தொட்டேன். தெரிந்தே. கட்டைவிரலால், கன்னத்தில்.

இழுவிவிட்டது. வாய் கோணிப்போன உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கிழித்துப் போட்டேன். தட்டைத் துடைத்து மறுபடி ஓட்டினேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். முழுதாக வந்தபின் ஓரத்தை மட்டும் பிடித்துப் பொடி தூவி, உதறி, ஹீட்டருக்குள் வைத்தேன். பொடி உருகியதும் சட்டைமேல் வைத்துச் சூட்டில் அழுத்தினேன்.

மதியம் உன் அம்மா வந்தபோது முதல் சட்டை மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது. போன நோம்பியில் எடுத்த படம். தெற்றுப்பல்கூடத் தெளிவாக இருந்தது. வெகுநேரம் எட்டவே நின்றார்கள்.

"தொடலாமா சாமி?"

"தொடுங்கம்மா. இனி ஒண்ணும் ஆவாதுங்க."

இரண்டு கைகளாலும் உன் கன்னங்களை வழித்தார்கள். பழக்கத்தில், திருஷ்டி கழித்து நெரிக்க விரல்களைத் தன் நெற்றிப்பொட்டுக்குக் கொண்டுபோனார்கள். கை அங்கேயே நின்றுவிட்டது. அப்படியே என்னைப் பார்த்தார்கள்.

மீதிச் சட்டைகளை இனித்தான் அடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நீ ஈரமாக வருவாய். ஒவ்வொரு முறையும் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.