சுடுதண்ணித் தழும்பு

1938 பெப்ரவரி 8, செவ்வாய்

படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தோணியேறிப் புளியந்தீவு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளைத்தாச்சிகளுக்கென்று புதிதாகக் கிளினிக் தொடங்கியிருக்கிறார்கள். புது டொக்டர் அம்மா எல்லாரிடமும் ஒரு சிறு போத்தல் ரத்தம் எடுக்கிறா. ரயிலில் கொழும்புக்குப் போய்ச் சோதித்து வருமாம். “உங்கட புரிசன் ரயிலில கொடி காட்டுற காட்தானே, அவர் கையிலேயே போகும்” என்று தாதி சிரித்தாள்.

சிரிப்பு அதோடு சரி. டொக்டர் அம்மா என் முன்னங்கால் தழும்பைத் தடவிப் பார்த்து, சின்ன வயதில் பறங்கிப்புண் வந்ததா என்றா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கிரான் ஊர் நிலக்காரர் கந்தப்போடியார் மகளிடம் கேட்கிற கேள்வியா அது? அது வயல்வாடியில் கிடக்கிற கூலிச்சனத்தின் பிள்ளைகளுக்குத் தோலில் தொட்டுத் தொற்றுகிற புண். எனக்குச் சுடுதண்ணி கொட்டினது. ஐந்து வயதில், எங்கள் வயல்வட்டையில், நெல் அவித்த கிடாரம் சரிந்து. ஆவி, அம்மாவின் கத்தல், காலில் சுற்றின வாழைக்குருத்து, எல்லாம் நேற்றுப்போல நினைவிருக்கிறது. ஒன்றுவிடாமல் கத்திச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டா.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கோழிக்குத் தீன் வைக்க எழும்பிப் போய்விட்டா.

பெப்ரவரி 9

மச்சான் இன்றைய மெயில் ரயிலில் காட் வேலைக்குக் கொழும்பு போகிறார். வெள்ளிக்கிழமை வந்ததும் நண்டுக்கறி வேண்டுமாம். பிள்ளைத்தாச்சிக்கு நண்டு நாற்றம் ஆகாது என்று சொன்னால் கேட்கிற ஆளா?

பெப்ரவரி 22, செவ்வாய்

கொழும்பிலிருந்து மறுமொழி வந்துவிட்டது.

மேகநோய்.

எழுதவே கை கூசுது. டொக்டர் அம்மா கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னா. ரத்தத்தில் அந்தக் குறி நன்றாகத் தெரிகிறதாம். பிள்ளைக்குப் போகாமலிருக்க உடனே பாஷாண ஊசி தொடங்கவேண்டுமாம். புரிசனையும் கூட்டிவரட்டாம்.

நான் பிறந்ததிலிருந்து ஒரு ஆம்பிளையைத்தான் அறிவேன். அவன் கிழமையில் பாதி கொழும்பில படுக்கிறான். இதுக்கு மேல என்ன யோசிக்கக் கிடக்கு? காட்மார் தங்கிற அறையில படுக்கிறனெண்டு சொல்லுவான், நானும் ஓம் ஓம் எண்டு தலையாட்டியிருக்கிறன். மடைச்சி.

பெப்ரவரி 25, வெள்ளி

அவர் வந்தார். குளிக்க விடவில்லை, சாப்பிட விடவில்லை. அவருடைய ட்ரங்குப் பெட்டியை முற்றத்தில் வைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைக்கு. கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் வந்து குடியிருக்கிறது. போகச் சொன்னால் அவன்தான் போகவேண்டும். இவ்வளவு காலமும் அதை வெறும் வழக்கமென்று நினைத்திருந்தேன், இன்றைக்குக் கத்தியாய்ப் பிடித்தேன். என் வாயில் என்னவெல்லாம் வந்ததோ, ஒரு ஆசிரியை பேசுகிற பேச்சில்லை. அவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

“நான் அப்பிடிப்பட்டவன் இல்ல பூரணம். நீ நம்பாட்டியும் நான் ரத்தம் குடுக்கிறன்” என்றார்.

குடுங்க, கொழும்பில ஆரும் தெரிஞ்சவள் இருந்தா ரத்தம் சுத்தமெண்டு எழுதித் தருவாள் எண்டன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனார். அம்மா உள்கதவைப் பிடித்தபடி நின்றா.

மார்ச் 1

முதல் ஊசி. நரம்பில் ஏறும்போதே வாயில் உள்ளிப்பூடு மணக்கிறது. வரும் வழியில் தோணிக்காரன், “காட் ஐயாவை இந்தப் பக்கம் காணல்லயே” என்றான். வேலை கூடிப்போச்சு என்றேன்.

மார்ச் 6

நித்திரை இல்ல. பிள்ளை துள்ளுது. இது என்ன செய்தது, இதுக்கு ஏன் இந்தச் சோலி?

மார்ச் 15, செவ்வாய்

அவருடைய ரத்தம் சுத்தம்.

டொக்டர் அம்மா அதைச் சொல்லிவிட்டு, கண்ணை மேசையில் வைத்துக்கொண்டு, கலியாணத்துக்கு முந்தி வேறு யாரும்... என்று இழுத்தா. இல்லை என்றேன். பிறகும் இல்லை என்றேன். கள்ளியும் இப்படித்தான் சொல்லுவாள் என்று அவ நினைத்திருப்பா. அவர் என்ன நினைப்பார்? நான் அவருக்குச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் இப்ப அவர் எனக்குச் சொல்லலாம். சொல்லாமல் விட்டாலும் போதும், பெட்டி ஸ்டேசனிலேயே கிடக்கும், என் பிள்ளை தகப்பன் இல்லாமல் வளரும்.

நான் ஒண்டும் செய்யல்ல. எனக்குத் தெரியாமல் என்ட உடம்பில என்ன நடந்தது?

மார்ச் 16

காலமை எழும்பும்போதே அந்தப் பறங்கிப்புண் கேள்வி மண்டைக்குள் நின்றது. அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. சேலையை உயர்த்திக் காலைக் காட்டினேன்.

“அம்மா, இதில கொட்டினது சுடுதண்ணிதானா?”

கத்தி நின்றது. “இல்ல மகள்” என்றா.

ஒரு போகம் முழுக்கப் புண்ணோடு கிடந்தேனாம். வாடியில் கூலிக்காரரின் பிள்ளைகளோடு விளையாடித் தொற்றினதாம். போடியார் வீட்டில் பறங்கிப்புண் என்று தெரிந்தால் நாளைக்கு இவளை ஆர் முடிப்பான் என்று அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தாராம். அம்மாதான் கதையிலேயே கிடாரத்தைச் சரித்து, தண்ணியைக் கொதிக்க வைத்து, ஊருக்குச் சொன்னா. எனக்கும் சொன்னா. நான் அந்தக் கதையைத் திருப்பித் திருப்பிக் கேட்பேனாம், தலையை மடியில் வைத்துக்கொண்டு.

“கேட்டுக் கேட்டு நீ அத உண்மையா நினைச்சிட்டாய். மறுகா, போகப்போக, நானும் நினைச்சிட்டன்” என்றா.

மருமகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். பழைய புண் ரத்தத்துக்குள் இருக்கும் என்று அவவுக்குத் தெரியாதாம். ஆனால் டொக்டர் கேட்டாவென்று நான் வந்து சொன்ன நாளிலிருந்தே நெஞ்சு இடித்ததாம். அழுதா. நான் அழவில்லை, அவ்வளவு கோபம்.

இப்போதும் அந்த ஆவியைக் காண்கிறேன். காலில் அந்தச் சூடு தெரிகிறது. கொட்டாத தண்ணி எப்படிச் சுடும்?

மார்ச் 17

டொக்டர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்குக் கத்தினதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவ கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தா. பறங்கிப்புண் கிருமியும் மேகநோய்க் கிருமியும் பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரே சுருள், ஒரே நீளமாம். ரத்தச் சோதனையும் இரண்டையும் பிரித்துச் சொல்லாதாம்.

“ரத்தம் சொல்லாததை ஆள்தான் சொல்ல வேணும். அதுக்குத்தான் முதல் நாளே கேட்டன்” என்றா.

பறங்கிப்புண் வயிற்றுப் பிள்ளைக்குப் போவதில்லை என்றுதான் படித்திருக்கிறாவாம். ஆனாலும் யாராலும் சத்தியம் பண்ண முடியாது, ஊசியை நிற்பாட்டவேண்டாம் என்றா. சரி என்றேன்.

மார்ச் 18, வெள்ளி

ஸ்டேசனுக்குப் போனேன். ரயில் வந்து சனம் இறங்கி முடியும்வரை நின்றேன். பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தார், மெலிந்திருந்தார். ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன்.

கொடியைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். பிறகு, “ரெண்டு போத்தலையும் நான்தான் கொண்டுபோனன். முதல் போத்தலில இருந்தது உன்ட ரத்தம் எண்டு எனக்கு அப்ப தெரியாது” என்றார்.

வீட்டுக்கு வாங்க மச்சான் என்றேன். மத்தியானம் வந்து சாப்பிடுகிறேன், பெட்டி இங்கேயே கிடக்கட்டும் என்றார்.

வந்தார். சாப்பிட்டார். போனார்.

ஏப்ரல் 3

இன்றைக்கும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். நண்டுக்கறி வைத்திருந்தேன், மூக்கைப் பொத்திக்கொண்டு. இரண்டாம் முறை சோறு கேட்டார். அம்மாவோடு நான் இன்னும் கதைக்கவில்லை.

ஏப்ரல் 12

வருசப் பிறப்புக்கு முதல் நாள். அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வண்டி பிடித்து ஸ்டேசனுக்குப் போனா. பொழுதுபட முந்தி வந்தா. வண்டியில் ட்ரங்குப் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் அவர். அம்மா அங்கே என்ன சொன்னா என்று இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை. நான் தேத்தண்ணி போட்டு அம்மாவுக்குத்தான் முதலில் கொடுத்தேன்.

ஜூலை 11

பெண்பிள்ளை. வாய் எனக்கு மேலால் இருக்கும்போலக் கிடக்கு. ஊரெல்லாம் கேட்கக் கத்துகிறாள்.

செப்டெம்பர் 6, செவ்வாய்

பிள்ளையின் ரத்தத்திலும் ஒன்றுமில்லை. அதைக் கேட்கத்தான் கிளினிக்குக்குப் போனோம். மச்சான் லீவு எடுத்துக்கொண்டு வந்தார்.

வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் காத்தான்குடிப் பொம்பிளை ஒருத்தி, பெயர் நஸீறா, காய்ச்சலுக்கு மருந்தெடுக்க வந்தவள். கூட ஆறேழு வயது மகள். அந்தப் பிள்ளையின் காலில் முழங்கால் வரை துணி சுற்றிக் கிடந்தது, ஈ மொய்த்தது. காலுக்கு என்ன என்று கேட்டேன்.

“சுடுதண்ணி பட்டது” என்றாள். காட்டத் தேவையில்லை, தானாக மாறிவிடும் என்றாள்.

அந்தப் பிள்ளை தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் மகளை மச்சானிடம் கொடுத்துவிட்டு, அத்தனை சனத்துக்கும் நடுவில் சேலையை முழங்கால் வரை உயர்த்தினேன்.

“எனக்கும் சுடுதண்ணி எண்டுதான் சொன்னவை. இது பறங்கிப்புண். ஊசி இருக்கு” என்றேன்.

நஸீறா என் காலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து, மகளின் காலில் சுற்றின துணியை மெல்ல அவிழ்க்கத் தொடங்கினாள்.