சிப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே

என் பிரியமான பஷீர் மச்சான்,

நீ போய் எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து உன் ரேடியோ கடைப் பக்கமே நான் வரவில்லை. செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கினாலும் வேறு தெரு வழியாகத்தான் போனேன். காரணம் உனக்குத் தெரியும்.

அன்றைக்கு மாமல்லபுரம் மணலில் நடக்கும்போது நெஞ்சைத் தேய்த்துக்கொண்டாய். "இன்னாவோ அடைக்கிது மச்சான்" என்றாய். "வாயுவா இருக்கும், ஒரு சோடா குடி" என்றேன். என் பேச்சை நம்பிக் குடித்தாய். மறுநாள் காலையில் நீ இல்லை என்று ஆள் வந்து சொன்னான். உன் மனைவி மும்தாஜ் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

இப்போது வேலை விஷயம். கல்பாக்கத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வெளிநாட்டிலிருந்து இரண்டு சிப் வந்தன. விரல் நீளம்தான், உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டரே இருக்கிறது. ஆய்வுக்கூடத்துப் பம்ப் நின்றுபோனால் இந்தச் சிப் மூன்று ஸ்வரத்தில் கூவி எச்சரிக்க வேண்டும். சாதா மணி அடித்தால் டெலிபோன் என்று நினைத்து யாரும் எழுந்திருப்பதில்லை. அவசரத்தில் ஸ்பீக்கரை நேராகச் சிப்பின் கம்பிக்காலிலேயே மாட்டிவிட்டேன். ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். சிப் செத்துப்போனது.

மிச்சம் ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை அதிகாரி எதிரில் ஓட்டிக் காட்ட வேண்டும். யாரிடம் போய்க் கேட்பேன்?

நேற்று துணிந்து உன் கடைக்குப் போனேன். உன் நாற்காலியில் மும்தாஜ் உட்கார்ந்து ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"வாண்ணே. இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?"

நான் சிப்பைக் காட்டி, முதல் சிப் செத்த கதையை மட்டும் சொன்னேன். "நேரா மாட்னா இன்னாத்துக்கு ஆவும்?" என்றாள். "ஸ்பீக்கரு இழுக்கிற கரண்ட இது எங்க தாங்கும்? நடுவுல ஒரு டிரான்சிஸ்டர் போடு. சிப்பு அத்த தட்டிவுட்டா போதும், ஸ்பீக்கர அது ஓட்டிக்கும்."

சிப்புக்கும் டிரான்சிஸ்டருக்கும் இடையே கரண்டை அளவாக விட ஒரு ரெசிஸ்டர். காதைக் குத்தும் கிறீச்சைத் தணிக்க ஒரு கெப்பாசிட்டர். வேறொன்றும் இல்லை. ஆனால் பேட்டரியை இணைக்க என் கை வரவில்லை. அவள்தான் இணைத்தாள். மூன்று ஸ்வரமும் தெளிவாக வந்தன. எதிர்ச் சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்தச் சத்தத்துக்குள்ளேயே சோடா விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சத்தத்தில் கேட்காமல் போகட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் பேட்டரியைக் கழற்றினாள்.

"எங்கிட்டயும் நெஞ்சடைக்கிதுன்னு அத்தாண்ணே சொன்னாரு. நானும் வாயுன்னுதான் ஓமத்தண்ணி குடுத்தேன். இத்த யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம ஒண்டியா கெடந்தேன். நீ வருவே வருவேன்னு பாத்தேன்."

இந்த எட்டு மாதமும் நான் என் பயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், மச்சான்.

நாளை வெள்ளிக்கிழமை. சிப் பாடினாலும் சரி, புகைந்தாலும் சரி, சாயங்கால பஸ்ஸில் போய் முதலில் மும்தாஜிடம்தான் சொல்வேன். உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு இனி அவள் கூப்பிடும்வரை காத்திருக்க மாட்டேன். இது சத்தியம்.

உனக்கு மச்சான்,
மும்தாஜுக்குத் தாமதமாக வந்த அண்ணன்,
சுந்தரம்