அண்ணனூர் வீட்டு ஏலத்தில் நான் வென்றதை உறுதி செய்யாமல் நிறுத்தி வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மோ. ராதிகா,
எண் 11/4, இரண்டாம் தளம்,
பள்ளிக்கூடத் தெரு, நூம்பல்,
வேலப்பன்சாவடி அஞ்சல்,
சென்னை – 600 077.

பெறுநர்:
அங்கீகரிக்கப்பட்ட அலுவலர் அவர்கள்,
சொத்து ஏலப் பிரிவு,
தென்சுடர் வீட்டுக்கடன் நிறுவனம்,
மண்டல அலுவலகம், அம்பத்தூர்.

பொருள்: அண்ணனூரில் உள்ள திரு. டேவிட் என்பவரின் வீட்டுக்கு இணையவழியில் நடந்த ஏலம் – இறுதி நிமிடங்களில் இணையதளம் முடங்கியது – விற்பனையை உறுதி செய்யும் முன் விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 06.08.2025 அன்று நடந்த ஏலம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ஏலத்தில் அதிகத் தொகை கேட்டு வென்றவள் நான். தோற்றவர்களிடமிருந்து புகார் வருவது தங்களுக்குப் புதிதாக இருக்காது. வென்றவளே புகார் எழுதுவதால் இதில் உள்நோக்கம் ஏதும் இருக்குமோ என்று தாங்கள் ஐயப்பட வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2. எனக்கும் என் கணவர் மோகனுக்கும் சொந்த ஊர் தேனி. நான் அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சம்பளப் பிரிவில் வேலை செய்கிறேன். அவர் ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிறார். திருமணமாகி வந்த நாளிலிருந்து வாடகை வீடுதான். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறார் என்று ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணத்தால் சாமான்களைக் கட்டியிருக்கிறோம். வெளியில் விற்கும் விலைக்கு எங்களால் வாங்க முடியாது. ஏலத்தில் எடுத்தால் குறையும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னதால் தங்கள் இணையதளத்தில் பதிவு செய்தேன். அண்ணனூர் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு தனி வீடு இருந்ததைப் பார்த்ததும் இருவருக்கும் ஆசை வந்துவிட்டது. பார்வையிட ஒதுக்கிய நாளில் தங்கள் ஊழியர் எங்களைத் தெருவிலேயே நிறுத்தி, மூடியிருந்த கேட்டைக் காட்டினார். உள்ளே கடன்தாரர் குடும்பம் இருக்கிறது, காகித அளவில்தான் வீடு நிறுவனத்தின் கைக்கு வந்திருக்கிறது, ஏலம் முடிந்தபின் காலி செய்து தருவோம் என்றார். சட்டப்படி நடப்பதுதானே என்று திரும்பி வந்துவிட்டோம்.

3. ஏலத்தன்று பிற்பகல் நான் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் மடிக்கணினி முன் அமர்ந்தேன். கேட்பவர்களின் பெயர் திரையில் தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். முதலில் ஐந்தாறு பேர் இருந்தோம். பிறகு நானும் இன்னொருவரும் மட்டுமே மிஞ்சினோம். நான் ஏற்றினால் அவர் ஏற்றினார். வங்கி எங்களுக்கு எவ்வளவு கடன் தரும் என்பதை முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தோம். ஏலம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது அந்த எல்லையைத் தொட்டு ஒரு தொகையைப் பதிவு செய்தேன். அதற்கு மேல் ஒரு படிகூட ஏற்ற என்னால் இயலாது. எதிராளி இன்னொரு முறை அழுத்தினால் எழுந்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்திருந்தேன்.

4. அந்தச் சமயத்தில் திரை நின்றுவிட்டது. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு தளம் என்னை வெளியேற்றியது. மறுபடி உள்ளே நுழைய வேண்டிய கடவு எண் கைப்பேசிக்கு வரவில்லை. பதறிப்போய்த் திரையைப் படம் பிடித்து என் கணவருக்கு அனுப்பினேன். உதவி எண்ணை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் கடவு எண் வந்து நான் உள்ளே சென்றபோது ஏலக் கடிகாரத்தில் சில நொடிகளே இருந்தன. என் தொகையே மேலே நின்றது. ஏலம் முடிந்தது, வாழ்த்துகள் என்று எழுத்து வந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் ஒருவர் தொகையை ஏற்றினால் மற்றவர் பதிலுக்கு ஏற்ற மேலும் ஐந்து நிமிடம் தரப்படும் என்பது தங்கள் விதி. அந்த நேரம் தரப்பட்டது. ஆனால் அந்த நேரம் முழுவதும் தளம் முடங்கிக் கிடந்தது.

5. அன்று எனக்கு இது பெரிதாகத் தோன்றவில்லை என்பதை மறைக்க மாட்டேன். எதிராளி விலகிவிட்டார் என்றே நினைத்தேன். மறுநாளே விதிப்படி கால் பங்குத் தொகையைச் செலுத்தினோம். தேனிக்கு ஃபோன் செய்து சொன்னோம்.

6. ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்கப் போனோம். உள்ளே போகும் எண்ணமில்லை. வெளியில் நின்று பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். கேட்டருகே நாங்கள் நின்றதைக் கண்டு ஒரு அம்மாள் வந்து, "இன்னாம்மா, யார் ஊடு வேணும்?" என்று கேட்டார். திரு. டேவிட்டின் மனைவி திருமதி ரோஸி அவர். என் கணவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் கேட்டைத் திறந்து, "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றார்.

7. திரு. டேவிட் அம்பத்தூர் எஸ்டேட்டில் சிறிய லேத் பட்டறை நடத்தியவர். பட்டறைக்காக வீட்டை அடமானம் வைத்திருக்கிறார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டதால் தொழில் நின்றுபோனது. கட்டிலில் சாய்ந்திருந்தவர் எங்களைப் பார்த்து இடக் கையால் கும்பிட்டார். திருமதி ரோஸி எங்களுக்கு வீடு முழுவதையும் காட்டினார். "மோட்டாரு மக்கர் பண்ணும்மா, ரெண்டு தபா போட்டாத்தான் தண்ணி ஏறும். பின்னாடி ரூம்ல மழைக்கு ஓதம் வரும், அந்தப் பக்கம் பீரோ போட்டுடாத" என்றார். வாங்கியவளுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. பிறகு தாழ்ந்த குரலில், "ஒரே ஒரு ஒத்தாசை. இவருக்குக் கையப் புடிச்சு எக்சசைஸ் சொல்லித் தர்றவரு இங்கதான் வந்துகினு கீறாரு. இப்பதான் விரல் ஆடுது. உடனே காலி பண்ணச் சொல்லிடாதம்மா" என்று கேட்டுக்கொண்டார்.

8. அப்போது அவர்களின் மகள் செல்வி ஹெலினா வேலை முடிந்து வந்தார். தனியார் மருத்துவமனையில் செவிலியர். நாங்கள் யாரென்று தாயார் சொன்னதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கடைசி வரைக்கும் என்கூட ஏத்துனது நீங்கதானாக்கா?" என்று கேட்டார்.

9. திரையில் எண்ணாக நான் கண்ட எதிராளி அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டை மீட்க அவகாசம் கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு அவர் பலமுறை வந்திருக்கிறார். வேண்டுமானால் எல்லாரையும் போல ஏலத்தில் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதன்படி தன் சம்பளத்தின் பேரில் கடனுக்கு ஒப்புதல் வாங்கி, மாமாவிடமும் திருச்சபையில் சிலரிடமும் கைமாற்று கேட்டு, முறையாக முன்வைப்புத் தொகை கட்டிப் பதிவு செய்திருக்கிறார். மருத்துவமனையில் விடுப்பு கிடைக்காததால் செவிலியர்கள் உடை மாற்றும் அறையில் நின்றபடி கைப்பேசியில் ஏலம் கேட்டிருக்கிறார். "நீங்க கடைசியா போட்டதுக்கு மேல இன்னும் ரெண்டு வாட்டி ஏத்த என்கிட்ட இருந்துச்சுக்கா. பட்டனே வரல. வெளிய தள்ளிடுச்சு. திரும்பி உள்ள போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுன்னு வந்துடுச்சு" என்றார். அன்றே தங்கள் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறார். "தங்கள் இணைய இணைப்பின் குறைபாட்டுக்கு நிறுவனம் பொறுப்பாகாது" என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலைக் கைப்பேசியில் எனக்குக் காட்டினார். என்னைக் குறை சொல்லவில்லை. தேநீர் கொடுத்தார்.

10. ஐயா, நூம்பலில் என் வீட்டு இணைப்பும், வேறோர் ஊரில் அவருடைய மருத்துவமனை இணைப்பும் ஒரே நேரத்தில் பழுதாக வாய்ப்பில்லை. பழுது தங்கள் தளத்தில்தான். அதற்கு அவர் சொல் மட்டும் போதாதென்றால் என் சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தளம் ஒழுங்காக ஓடியிருந்தால் நான் தோற்றிருப்பேன்.

11. வீடு திரும்பும்போது என் கணவரிடம் இதைப் பேசினேன். "நாம சட்டப்படிதான எடுத்தோம். பாவம் பார்த்தா இந்த ஊர்ல நாம வீடே வாங்க முடியாது" என்றார். அவரைத் தாங்கள் தவறாக எண்ண வேண்டாம். எங்கள் சேமிப்பு முழுவதும் அந்தக் கால் பங்கில் இருக்கிறது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் வண்டியை அணைத்துவிட்டு, ரயில் கடக்கும் வரை காத்திருந்தார். பிறகு, "அந்தப் பொண்ணு ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. எழுது. ஆனா கட்டின பணம் திரும்ப வரணும்னு தெளிவா எழுது" என்றார். அவரும் இம்மனுவில் கையொப்பமிட்டிருக்கிறார்.

12. திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். "ஜெயிச்சவங்க புகார் குடுக்க வழியே இல்ல மேடம். வீடு வேணாம்னா மீதிய கட்டாதீங்க, கட்டினது போயிடும், அவ்ளோதான்" என்று ஊழியர் ஒருவர் விளக்கினார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்னபடி செய்தால் நாங்கள் பணத்தை இழப்போம். வீடு மறு ஏலத்துக்குப் போய் வேறு யாரோ எடுப்பார்கள். அந்தக் குடும்பத்துக்கும் அதனால் நன்மை இல்லை. ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்:

(அ) என் பெயருக்கு விற்பனையை உறுதி செய்வதை நிறுத்தி வைக்க வேண்டும்.

(ஆ) அன்றைய இறுதி நிமிடங்களில் தளத்தில் என்ன நடந்தது என்ற பதிவுகளை, தளத்தை நடத்தும் நிறுவனத்திடம் கேட்டுப் பெற்றுச் சரிபார்க்க வேண்டும்.

(இ) தளம் முடங்கியது உண்மையானால், எனக்கும் செல்வி ஹெலினாவுக்கும் மட்டும், நின்ற தொகையிலிருந்து ஏலத்தைத் தொடர்ந்து நடத்த வேண்டும். இதனால் நிறுவனத்துக்குத் தொகை கூடுமே தவிரக் குறையாது. அவர் ஏற்றினால் நான் விலகிக்கொள்கிறேன். நான் செலுத்தியதைத் திருப்பித் தந்தால் போதும். அவர் ஏற்றாவிட்டால் மன உறுத்தல் இல்லாமல் அந்த வீட்டுக்குக் குடிபோவேன்.

(ஈ) அதுவரை வட்டாட்சியர் மூலம் அவர்களை வெளியேற்றும் நடவடிக்கை எதையும் தொடங்க வேண்டாம்.

13. நான் தானம் செய்ய முன்வரவில்லை. எங்களுக்கும் வீடு வேண்டும். முறையாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. நேரில் அழைத்தால் எந்த நாளும் வந்து இதையே எழுத்துமூலம் உறுதி கூறுவேன்.

14. கடைசியாக ஒன்று. இப்படி ஒரு மனு எழுதுவதைச் செல்வி ஹெலினாவிடமோ அவர் பெற்றோரிடமோ நான் சொல்லவில்லை. தாங்கள் இதை ஏற்றுக்கொண்டால், அந்தச் செய்தியை நிறுவனமே அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். மறுப்பதாக இருந்தால் பதிலை என் முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். அவர்களுக்கு இன்னொரு முறை ஏமாற்றம் வேண்டாம்.

தங்கள் விசாரணையை நம்பிக் காத்திருக்கும்,

(ஒப்பம்) மோ. ராதிகா
(ஒப்பம்) ச. மோகன்

இடம்: நூம்பல்
நாள்: 13.08.2025

இணைப்பு: திரை முடங்கியபோது எடுத்த படத்தின் நகல், கால் பங்குத் தொகை செலுத்திய ரசீதின் நகல்.