அருவி டூட்டியில் அடக்கி வைத்தது

தென்காசி
ஆனி 20

அன்பு மகள் முத்துசெல்விக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸாமில் மழை எப்படி, பட்டாலியன் கேம்ப் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், சாரல் ஆரம்பித்துவிட்டது, ஐந்தருவிப் பக்கம் வண்டி நிறுத்த இடமில்லை. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி. போன வாரம் நீர்க்கடுப்பு, காய்ச்சல், இரண்டு நாள் ஊசி என்று சொல்லிவிட்டுச் சிரித்தாயே, "நீ சொல்லித் தந்ததுதாம்மா, டூட்டின்னா தண்ணியே குடிக்க மாட்டேன், எட்டு மணி நேரம் அசைய மாட்டேன்" என்று, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆமாம், நான்தான் சொன்னேன். நீ பயிற்சிக்குக் கிளம்பிய அன்று ரயில் ஏறும்போது காதோடு காதாகச் சொல்லி அனுப்பினேன். சீசனில் மெயின் அருவியில் பெண்கள் பக்கம் எத்தனை வருடம் போலீஸ் டூட்டியில் விசிலோடு நின்றிருப்பேன், கண்முன்னால் அவ்வளவு தண்ணீர் கொட்டும், ஒரு மடக்கு வாயில் விடமாட்டேன். அந்தச் சத்தத்திலேயே முட்டிக்கொண்டு வரும், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். போக இடமில்லாமல் இல்லை. "பொம்பளைய நிறுத்துனா இப்படித்தாம்லே, அரை மணிக்கொருக்கா ஒதுங்கணும்பா" என்று எவனும் சொல்லிவிடக் கூடாதே என்ற வீம்பு. அந்த வீம்பைத்தான் பெரிய சாமர்த்தியம் என்று உனக்கும் கொடுத்தேன், புத்தி கெட்டவள்.

இப்போது உன்னிடம் மறைத்ததைக் கேள். இரண்டு வருடமாக எனக்குச் சிறுநீர் நிற்பதில்லை. தும்மினால் வந்துவிடும், சிரித்தால் வந்துவிடும், வீட்டுப் பூட்டைத் திறப்பதற்குள் வந்துவிடும். உன் அண்ணன் வீட்டுப் பால்காய்ச்சுக்கு முட்டுவலி என்று போகாமல் இருந்ததும் இதனால்தான். சித்திரையில் நம் சொந்தத்தில் பேராச்சி மகள் கல்யாணத்தில் இருமல் வந்து சேலை நனைந்து நாற்காலியும் நனைந்துவிட்டது. உன் அத்தை சங்கரேஸ்வரி குனிந்து, "வயசாயிட்டுல்லா மதினி, இனிமே விசேஷ வீட்டுக்கெல்லாம் எதுக்கு அலையுதிய, வீட்டோட இருங்களேன்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! ஒளிந்துகொண்டு உட்கார நான் என்ன களவாண்டேனா? சேலையை மாற்றிக்கொண்டு வந்து முதல் பந்தியிலேயே உட்கார்ந்தேன், சர்க்கரை கிடக்கட்டும் என்று பாயசமும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாளே டாக்டர் ஷெர்லினிடம் போனேன். உன் வயதுதான் இருக்கும், முகம் சுளிக்காமல் கேட்டாள். வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று சகித்துக்கொண்டு கிடக்க வேண்டாம், இதற்கு வைத்தியம் இருக்கிறது என்றாள். மூன்று பிரசவம், ஏறிப்போன எடை, சர்க்கரை, இருமல், மலச்சிக்கல், பிரஷருக்குப் போடும் நீர் மாத்திரை, எல்லாம் சேர்ந்துதான் வந்திருக்கிறதாம். அடக்கியதால் மட்டும் வந்ததில்லை, ஆனாலும் அத்தனை வருடம் தண்ணீர் குடிக்காமல் அடக்கினேன் என்றதும் ஒரு சத்தம் போட்டாள் பார், என் எந்த அதிகாரியும் அப்படிப் போட்டதில்லை. இடுப்புக்குக் கீழே தசையை இறுக்கி விடுகிற பயிற்சி தினமும் மூன்று வேளை செய்கிறேன், மணி பார்த்துப் போகிறேன், இப்போது பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. அப்பா நான் வைத்துக்கொள்ளும் பேட் பாக்கெட்டை மருந்துக்கடையில் வாங்கி, கறுப்புக் கவரில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார், நான் கவரைக் கிழித்து முன்னறை அலமாரியில் வைத்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

அதனால் மகளே, அன்று ரயிலடியில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தண்ணீர் குடி. வந்தால் போ. சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும், அவன் மட்டும் போகாமலா இருக்கிறான்? இலஞ்சிக் குமரன் உன்னைக் காப்பான், நீர்க்கடுப்புக்குத் தந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே. முப்பத்து நான்கு வருடச் சர்வீசில் நான் ஒருநாள்கூட வாய்திறந்து கேட்டதில்லை. நீ நாளைக்கே கேள், "சார், பாத்ரூம் போகணும்" என்று, குரலைத் தாழ்த்தாமல் கேள். கேட்ட அன்றைக்கு எனக்கு ஒரு போன் போடு, வேறு கதை வேண்டாம், கேட்டேன் என்று மட்டும் சொல்.

உன் அம்மா,
ஓய்வு பெற்ற எஸ்.எஸ்.ஐ. மாடத்தி