முறத்தில் பொறுக்கிய படம்

அக்கா,

காலையில் பேத்தி கட்டில் மேல் போட்டோக்களைப் பரப்பிவிட்டாள். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவும் கையுமாகப் பழவேற்காடு. அவள் எடுத்த படங்களைச் சென்னையில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டிருக்கிறார்கள். என் பேத்தியை, அக்கா. மூன்றே மூன்றுதான் அனுப்பலாம், எதை விடுவது எதை எடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறாள். கவரைப் பிரித்ததும் புதுப் படங்களின் வாசனை வந்தது. அவ்வளவுதான், நினைப்பில் நான் நம் பழைய கடம்பத்தூர் வீட்டுக்கே போய்விட்டேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இருந்தாலும் இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டோ மூன்றோ. ஒரே வீட்டுக்கு நீ மூத்த மருமகள், நான் இளையவள். என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கி, பத்தே நாளில் அலுத்துப்போன பெட்டிக் கேமரா என் கைக்கு வந்து ரெண்டு வருஷமாகியிருந்தது. திருவள்ளூர் ஸ்டுடியோக்காரர்தான் அந்தச் சேதியைச் சொன்னார். மெட்ராஸில் போட்டோ கண்காட்சி, யாரும் அனுப்பலாம், ஆனால் ஆளுக்கு ஒன்றுதான். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் தானே பெரிசாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எடுத்ததை முன்பின் தெரியாதவர்கள் நின்று பார்ப்பார்கள் என்ற ஒரே நினைப்பு.

வியாழக்கிழமை மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்ததும் நீ முறத்தோடு வந்தாய். இருக்கிற படத்தையெல்லாம் அதில் கொட்டச் சொல்லி, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரியே பொறுக்க ஆரம்பித்தாய். கேமராவைப் பார்க்காத ஆள் இருந்தால் கல். காது தெரியாவிட்டால் கல். பல் தெரிந்தால் அதுவும் கல். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். போட்டோ என்றால் மூச்சை அடக்கிக்கொண்டு, ரெண்டு காதும் தெரிய, நேராக நிற்பது என்றுதானே நமக்குத் தெரியும்?

கடைசியில் முறத்தில் நாலு மிஞ்சியது. நீ நாலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாய்.

"இன்னாடி இது, எல்லாரும் திருடிட்டு மாட்டிக்கினா மாரி நிக்கிறாங்க?"

மாமியார் எழுந்துவிடப் போகிறார் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் நான் கல்லுக் குவியலைக் கிளறினேன். அது அங்கே கிடந்தது.

உன் வீட்டுக்காரர் சாப்பாட்டை மறந்துவிட்டு வேலைக்கு ரயிலேறிய நாள். நீ கேரியரோடு ஸ்டேஷனுக்கு ஓடினாய். ரோலில் ஒரே ஒரு படம் பாக்கி இருந்தது; அதையும் எடுத்துவிட்டு அடுத்த ரயிலில் கழுவக் கொடுக்கப் போகலாம் என்று நானும் கேமராவோடு பின்னாலேயே வந்தேன். படத்தில் ரயில் நகர்கிறது, கலங்கலாகத் தெரிகிறது. உன் முகம் இல்லை, முதுகுதான். ஒரு செருப்பு பின்னால் கழன்று கிடக்கிறது. ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டிருக்கிறது. அந்தக் கைக்கும் உன் கேரியருக்கும் நடுவில் ஒரு சாண்.

இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் உன்னிடம் எப்படிக் கேட்பது? அடுத்த நொடியே அந்தக் கேரியர் கீழே விழுந்ததை நான் பார்த்தவள். பிளாட்பாரமெல்லாம் சாம்பார் சோறு. ஒரு கேரியரைக் கொடுக்கத் துப்பில்லை என்று ஓடுகிற ரயிலிலிருந்தே அத்தனை பேர் எதிரில் அவர் கத்தினார். நீ குனிந்து கையாலேயே அள்ளினாய். ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அந்த நாளைப் பெரிசாக்கி மெட்ராஸில் மாட்டவா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. படத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

நீ விடுவாயா? பிடுங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாய். நின்றபடியே ரொம்ப நேரம் பார்த்தாய். வேண்டாம்க்கா, வேற எதையாவது அனுப்பிக்கலாம் என்றேன்.

"இதுல இன்னும் வுழலடி," என்றாய். "இதையே அனுப்பு."

பரிசு கிரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் மாட்டினார்கள் அக்கா, சுவரில் மாட்டினார்கள். கீழே சீட்டில் என் பெயர், பக்கத்தில் கடம்பத்தூர். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி புடவை கட்டிக்கொண்டு நாம் ரெண்டு பேரும் ரயிலேறிப் போனோமே. நான் படத்தைப் பார்க்கவில்லை, எட்டி நின்று பார்க்கிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் நம் படத்தை விட்டு நகரவே இல்லை. அப்புறம் பக்கத்தில் நின்ற உன்னிடம் திரும்பி, அந்த மனுஷன் சாப்பாட்டை வாங்கியிருப்பாரா அம்மா என்று கேட்டார். அவருக்கு நீ யாரென்று தெரியாது.

நீ முந்தானையைச் சரிசெய்துகொண்டாய். படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாங்கிக்கினாருங்க. அந்தப் பொம்பள ஓடுன ஓட்டத்துக்கு வாங்காம இருப்பாரா?"

அதற்கப்புறம் எத்தனையோ பேர் அந்தப் படத்தைப் பார்த்து என்னிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். சோறு கொட்டியதை ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை. நீ சொன்னதையே சொல்கிறேன். சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அந்தக் கை இன்னும் கொஞ்சம் நீண்டு கேரியரைப் பிடித்துக்கொள்வதுதான் தெரிகிறது.